மூன்று மாடியும் ஒரு கணுக்காலும்

மும்பை மழையைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 ஜூலையில் ஒரு மாலை, அலுவலகம் விட்டு வரும்போது ரயில் நிலையப் படியில் வழுக்கினேன். வலது பாதம் மடங்கி, 'சடக்'கென்று ஒரு சத்தம். எழுந்து நிற்க முடியவில்லை. என் வயது அப்போது 54. வீடு செம்பூரில், லிப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடி.

கணுக்காலின் இரு பக்கமும் குமிழ் போலத் துருத்திக்கொண்டிருக்கின்றனவே, அவை முழங்காலிலிருந்து இறங்கும் இரண்டு எலும்புகளின் நுனிகள். இரண்டும் சேர்ந்து பாதத்தின் மேலெலும்பைக் கிடுக்கி போலப் பிடித்திருக்கின்றன. எனக்கு இரண்டுமே முறிந்திருந்தன. "கிடுக்கி தளர்ந்தால் மூட்டு நகர்ந்துவிடும். வெறும் மாவுக் கட்டு போதாது" என்றார் டாக்டர். ஊரிலிருந்து போன் செய்தவர்களெல்லாம் புத்தூர்க் கட்டைச் சிபாரிசு செய்தார்கள். நான் டாக்டர் சொன்னபடி கேட்டேன். வெளிப்பக்கம் ஒரு தகடு, உள்பக்கம் இரண்டு ஸ்குரூ.

ஆபரேஷன் முடிந்ததும் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைத்தேன். ஆனால் டாக்டர் செய்வது எலும்பைப் பொருத்தி வைப்பது வரைதான். ஒட்டவைப்பது உடம்பின் வேலை. நடக்கவைப்பது நம் வேலை. இரண்டுக்கும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

முதல் இரண்டு வாரம் முக்கியமான வேலை, காலைத் தலையணைகள் மேல் நெஞ்சை விட உயரமாக வைத்திருப்பது. வீக்கம் வடிந்தால்தான் தையல் நன்றாக ஆறும். காயத்தில் சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே காட்ட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம்தான் கண்டம் வந்தது. கெண்டைச் சதை கல் மாதிரி இறுகி வலித்தது. படுத்தே இருப்பதால் வந்த பிடிப்பு என்று நினைத்தேன். என் உதவிக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அத்தை, "கொஞ்சம் எண்ணெயைக் காய்ச்சி நீவி விட்டா போயிரும்மா" என்று கிண்ணத்தோடு வந்துவிட்டார். "ஆச்சி, தொடாதீங்க!" என்று என் மகள் தடுத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைப் படித்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஸ்கேன் எடுத்தால், ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. கால் அசையாமல் கிடந்தால் இப்படி நேரலாமாம். அதை அழுத்தி நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. மூன்று மாதம் மாத்திரையோடு தப்பினேன். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ வந்தால் டாக்டரிடம் உடனே காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அத்தையின் அன்பில் குறையில்லை. ஆனால் எண்ணெய்க் கிண்ணம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

எனக்கு ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று உத்தரவு. சிலருக்கு இரண்டாவது வாரத்திலிருந்தே ஊன்றி நடக்க விடலாம் என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு கூறுகிறது. யாருக்குச் சரி என்பது முறிவைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் பத்து நாளில் நடந்தார் என்பதற்காக நீங்களும் எழுந்துவிடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.

மூன்று மாடிக்கு வருவோம். ஊன்றுகோலோடு படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். தொடக்கத்தில் எனக்கு இதற்குத் துணிவில்லை. உட்கார்ந்தபடியே, படிப்படியாகப் பின்பக்கமாக நகர்ந்து ஏறினேன். வெட்கமாகத்தான் இருந்தது. எதிர் வீட்டு மராத்திக்கார அம்மாள் ஊன்றுகோல்களைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

கட்டைப் பிரித்தபோது கால் குச்சியாக மெலிந்திருந்தது. கணுக்கால் துருப்பிடித்த கீல் மாதிரி அசைய மறுத்தது. துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுப்பது, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது என்று பயிற்சிகள் ஆரம்பமாயின. "கட்டைவிரலால் காற்றில் ஏ, பி, சி, டி எழுதுங்கள்" என்றார் பிஸியோதெரபிஸ்ட். நான் அ, ஆ, இ, ஈ எழுதினேன். நம் எழுத்தில்தான் வளைவுகள் அதிகம். கணுக்காலுக்கு எல்லாத் திசையிலும் வேலை! இந்தி மீடியத்தில் படிக்கும் பேரன் எதிரே உட்கார்ந்து, என்ன எழுத்து என்று கண்டுபிடிப்பான். 'ஐ' எழுதும்போது எனக்குக் கண்ணில் நீர் வரும்.

மீண்டும் ரயிலேற நான்கு மாதமாயிற்று. மாலையில் வீக்கம் வருவது ஒரு வருடம் வரை இருந்தது, அது இயல்புதானாம். இப்போது மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறி இறங்குகிறேன். பேரன் பன்னிரண்டு உயிரெழுத்தும் எழுதுகிறான், கையால்.