மதியமே பெய்துவிடும் கணினி மழை

கோடையில் நிலப்பகுதிகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோதான் வரும். ஆனால் பல பருவநிலை மாதிரிகளில் அது நண்பகலிலேயே பெய்து தீர்ந்துவிடும். கணினிக்கு ஏன் இந்த அவசரம்?

மாதிரிகள் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. உலகப் பருவநிலை மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் 100 கிலோமீட்டர் வரைகூட இருக்கும். திரள்மேகமோ ஓரிரு கிலோமீட்டர் அகலம்தான். கட்டத்துக்குள் அது கண்ணுக்கே படாது. விட்டுவிடவும் முடியாது: வெப்பமண்டலத்தில் சூட்டையும் ஈரத்தையும் மேலே தூக்கிச் செல்வது இந்த மேகங்களே. ஆகவே கட்டத்தின் சராசரி வெப்பநிலை, ஈரப்பதத்தை வைத்து மேகக் கூட்டத்தின் மொத்த விளைவை ஊகிக்கிறார்கள்.

இதற்கு வலுவான அடித்தளம் 1974இல் அகியோ அராகாவாவும் வெய்ன் ஷூபர்ட்டும் தந்தது. வெயிலும் காற்றோட்டமும் சேர்க்கும் நிலையின்மையை, அதாவது காற்று மேலெழத் துடிக்கும் நிலையை, மேகங்கள் உடனுக்குடன் செலவழித்துவிடும் என்றார்கள். மிச்சம் வைக்காத வீட்டுக்கணக்கு மாதிரி. அழகான எண்ணம்தான். ஆனால் நிலத்தின்மேல் இடிக்கிறது. அங்கே காலையில் எழும் மேகம் குட்டையானது. பக்கத்து வறண்ட காற்று கலந்து அதைக் கரைத்துவிடும். அப்படிக் கரைந்து கரைந்தே மேலடுக்கு ஈரமாகும், பிறகுதான் இடிமேகம் ஓங்கும். இந்தச் சில மணி நேரக் காத்திருப்பைப் பழைய கணக்கு அறியாது.

ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் 2013இல் ஒரு திருத்தம் செய்தது. தரையின் சூட்டால் பிறக்கும் நிலையின்மையில் ஒரு பங்கை இடிமேகத்துக்குத் தராமல் கழித்தார்கள். மழை பிற்பகலை நோக்கி நகர்ந்தது.

கட்டத்தையே சுருக்கினால்? பக்கத்தைப் பாதியாக்கினால் வேலை சுமார் எட்டு மடங்கு. சில கிலோமீட்டருக்கு வந்தாலோ மேகம் பாதி தெரியும், பாதி தெரியாது; ஒரே மேகத்தைக் கட்டக் கணக்கிலும் ஊகத்திலுமாக இருமுறை எண்ணிவிடும் அபாயமும் உண்டு.