கல்லின்மேற் கோடு: படவடுக்குகள் கலக்கும் விதம்

பெரம்பலூரை அடுத்த காரையிலும் அரியலூர்ப் பக்கத்திலும், அம்மோனைட்டு என்னும் சுருண்ட சங்கு போன்ற கற்படிவங்கள் கிடைப்பதை நாம் அறிவோம். அவ்வகைப் படிவங்களை ஆராய்ந்த ஸ்டோலிச்கா என்னும் பண்டிதர் 1860-களில் கல்லச்சுப் படங்களுடன் நூல் வெளியிட்டார். அத்தகைய பழம்படத்தை இக்காலத்துப் புகைப்படத்தின்மேல் கணிப்பொறியில் அடுக்கி ஒப்பிட விரும்புவோர், அடுக்குகளின் கலப்பு முறையை அறிதல் வேண்டும்.

படப்புள்ளி ஒவ்வொன்றின் ஒளிக்கும் ஓர் எண் உண்டு; கருமை 0, வெண்மை 1. மல்டிபிளை என்னும் முறை மேலெண்ணையும் கீழெண்ணையும் பெருக்குவது. 0.6-ஐ 0.5-ஆற் பெருக்க 0.3 வரும், ஆகவே இருள் மிகும். வெண்மையோ 1 ஆதலின், பெருக்கினும் மாற்றமில்லை. ஆதலால் தாளின் வெண்மை மறைந்து, மைக்கோடுகள் மாத்திரம் கல்லின்மேல் நிற்கும். பழந்தாள் மஞ்சளித்திருப்பின் அதனை முன்னரே வெளுத்தல் வேண்டும். அன்றேல் கல்லும் மஞ்சள் பூசிக்கொள்ளும்! ஸ்கிரீன் என்பது இதற்கு மறுதலை. மேற்கண்ட எண்கள் அதில் 0.8 ஆகி ஒளி மிகும்.

நாம் பெரிதும் விரும்புவது டிஃபரன்ஸ் என்பதே. அது ஒன்றினின்று மற்றொன்றைக் கழிப்பதால், ஒத்த இடம் கருத்து, வேறுபட்ட இடம் துலங்கும். ஒரே கல்லை இருமுறை பிடித்த படங்களைப் பொருத்துவதற்கு ஏற்ற முறை இது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அம்மோனைட்டின் இனத்தைத் துணிய உதவுவன, அறைச்சுவர்கள் ஓட்டைத் தொடும் வளைகோடுகள். மல்டிபிளையால் விழுந்த கோட்டையே கல்லின் கோடென்று காண்போர் மயங்கக் கூடும். ஆதலின் அடுக்குகளை ஒன்றாக இணைத்துவிடாமல், மூலப்படத்தைத் தனியே பேணுதல் வேண்டும். கலந்த படத்தை அச்சிடுங்கால், எக்கோடு எதனுடையதென்று அதன் கீழேயே குறித்தல் தகும்.