பண்ணைக்காட்டில் கேட்ட கேள்வி: இரண்டாம் அடுக்கு லீக் எப்படி வேலை செய்கிறது?

போன மாதம் கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பண்ணைக்காட்டில் பெரியப்பா மகன் வீட்டில் நின்றேன். அண்ணனுக்குக் காபித் தோட்டம். பையன் பிளஸ் டூ, இடது கை வேகப்பந்து வீச்சு.

"டேய் தம்பி, டிஎன்பிஎல்-ல ஆடிட்டா ஐபிஎல்-ல எடுத்துருவாங்களாமே, நெசமா? இவனைக் காலேஜ்ல சேக்கவா, மெட்ராஸுக்குக் கிரிக்கெட் ஆட அனுப்பவா?"

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரியும்னு அண்ணனுக்கு ஒரு நம்பிக்கை. எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். தேடல் கிரிக்கெட்டில் தொடங்கி, கனடாவின் பனி ஹாக்கியில் போய் நின்றது.

அணி ஏறுவதா, ஆள் ஏறுவதா?

இரண்டாம் அடுக்கு லீக் என்றால் நமக்கு முதலில் தோன்றுவது இங்கிலாந்துக் கால்பந்து. ஜெயித்தால் அணியே மேல் அடுக்குக்குப் போகும். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் சென்னை டிவிஷன் லீக்கும் இதே முறைதான்.

வட அமெரிக்கப் பனி ஹாக்கி அப்படி இல்லை. மேலே என்ஹெச்எல், அதற்குக் கீழே 1936-ல் தொடங்கிய அமெரிக்கன் ஹாக்கி லீக், அதாவது ஏஹெச்எல். இரண்டிலும் 32 அணிகள், ஒன்றுக்கு ஒன்று ஜோடி. டொரான்டோ தமிழர்களுக்கு மேப்பிள் லீஃப்ஸ் அணியைத் தெரியாமல் இருக்காது. அதன் ஜோடி மார்லிஸ், அதே ஊரில் ஆடுகிறது. மார்லிஸ் 2018-ல் ஏஹெச்எல் கோப்பையை வென்றது. அதனால் மேலே போனதா? இல்லை. எத்தனை முறை வென்றாலும் போகாது. மேலே போவது ஆட்டக்காரர்கள் மட்டும்தான்.

பலருடைய ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம் எழுதியிருக்கும்: மேலே இருந்தால் ஒன்று, கீழே இருந்தால் வேறொன்று. எந்த லீக்கில் எத்தனை நாள் இருந்தார் என்று நாள் கணக்கில் பணம். மேல் அணியில் ஒருவருக்குக் கால் அடிபட்டால் கீழே இருப்பவருக்குப் போன் வரும். கோப்பைக்கு அரையிறுதி ஆடிக்கொண்டிருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான். ஒரு ஆட்டத்தில் இறங்கும் 18 பேரில் (கோல்கீப்பர்கள் சேராமல்) 13 பேராவது அனுபவம் குறைந்த, வளரும் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. ஜெயிப்பதற்காக மூத்தவர்களையே நிரப்ப முடியாது.

எங்கள் பாஷையில் சொன்னால் ஏஹெச்எல் ஒரு ஸ்டேஜிங் சர்வர். புரொடக்‌ஷனுக்கு நேரடியாக ஒயர் போகிறது.

நத்தத்தில் ஒயர் இல்லை

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் ஒரு அணி இருக்கிறது, திண்டுக்கல் டிராகன்ஸ். நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்தில் டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடக்கின்றன. 2016-ல் தொடங்கிய லீக். எட்டு அணிகள், ஆளுக்கு ஏழு லீக் ஆட்டம், பிறகு முதல் நான்கு அணிகளுக்குப் பிளேஆஃப். 2024-ல் அஸ்வின் தலைமையில் டிராகன்ஸ் கோப்பை வென்றது.

ஆனால் எந்த ஐபிஎல் அணிக்கும் இவர்கள் ஜோடி கிடையாது. போன் வராது. ஐபிஎல் அணிகளின் ஆட்கள் பார்ப்பார்கள், ஏலத்தில் கை தூக்கலாம், தூக்காமலும் போகலாம். இது ஸ்டேஜிங் சர்வர் இல்லை, வாக்-இன் இன்டர்வியூ.

இன்டர்வியூவில் தேறினவர்கள் கதை எல்லோருக்கும் தெரியும். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2016-ல் டிராகன்ஸுக்கு ஆடினார். அடுத்த ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலை 3 கோடியில் முடிந்தது. வருண் சக்கரவர்த்தி 2018-ல் மதுரை அணிக்கு ஆடினார். அந்த டிசம்பரில் 8.4 கோடி.

நடராஜன் கதையில் நாம் தாண்டிப் போகிற பக்கம் ஒன்று உண்டு. சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் தொடங்கி, 2015-ல் ரஞ்சி வரை வந்துவிட்டார். அப்போது பந்துவீச்சு முறை மேல் சந்தேகம் எழுந்தது. திருத்திக்கொண்டு வர ஒரு வருஷத்துக்கு மேல் போனது. டிஎன்பிஎல் அவரை உருவாக்கவில்லை. ஏற்கெனவே உருவாகியிருந்தவரை டிவியில் காட்டியது.

பணக் கணக்கு

2023-ல் டிஎன்பிஎல் முதல்முறை ஏலம் நடத்தியது. சாய் சுதர்சனை கோவை அணி 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அந்த வருஷம் குஜராத் அணியில் அவருடைய ஐபிஎல் விலை 20 லட்சம்! கீழ் அடுக்கில் மேல் அடுக்கைவிட அதிக விலை. ஐபிஎல் இறுதிப் போட்டியில் 47 பந்தில் 96 அடித்தது அதற்குப் பிறகுதான்.

இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அந்த ஏலத்தில் ஒரு டிஎன்பிஎல் அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய தொகையே 70 லட்சம். ஐபிஎல் அணிக்கு அதே வருஷம் 95 கோடி. ஒருவருக்கே 21.6 போனால், மீதி ஆட்களுக்கு என்ன மிஞ்சும்? அதுவும் வருஷத்தில் சில வாரங்களுக்கு. ஏஹெச்எல் ஆட்டக்காரருக்கு 72 ஆட்டங்கள் கொண்ட சீசன், மாதக்கணக்கில் சம்பளம். மேலே போகாவிட்டாலும் அது ஒரு உத்தியோகம். டிஎன்பிஎல் மட்டும் உத்தியோகம் ஆகாது.

அந்த வேலையை இங்கே செய்வது சென்னை டிவிஷன் லீக். கம்பெனி அணிகள், வங்கி அணிகள், சிலருக்கு வேலையோ உதவித்தொகையோ. டிவியில் வராது. ஆனால் வருஷா வருஷம் பந்து போட இடம் தருவது அதுதான். நாம் டிஎன்பிஎல்லைப் படிக்கட்டு என்கிறோம். படிக்கட்டு டிவிஷன் லீக். டிஎன்பிஎல் மேலே இருக்கிற ஜன்னல்.

அண்ணனுக்குப் போன் பண்ணி இவ்வளவும் சொன்னேன். சென்னையிலேயே காலேஜ் பாருங்க, கிரிக்கெட் அணி இருக்கிற காலேஜா, டிவிஷன் லீக்கில் சேரவும் தோதா. டிஎன்பிஎல் வந்தா வரட்டும், அதை நம்பிப் படிப்பை நிறுத்த வேண்டாம்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப ரெண்டு எடத்துலயும் கால் வைக்கச் சொல்ற."

"ஆமாண்ணே."

"தோட்டத்துல ஆள் கொறையுமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.