ஊட்டிக்கு வந்ததும் புல்லட் ஏன் திணறுது?

மேட்டுப்பாளையத்துல நல்லா ஓடின பழைய 350 புல்லட், ஊட்டி வந்ததும் கரும்புகை கக்கும், இழுக்காது. உடனே இஞ்சினைப் பிரிச்சிடாதீங்க. முதல்ல பிளக்கைக் கழற்றிப் பாருங்க. முனையில் உலர்ந்த கரி படிந்திருந்தால், கோளாறு பெரும்பாலும் இஞ்சினில் இல்லை, காற்றில்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கைகோத்து 1955-ல் மெட்ராஸில் உருவாகத் தொடங்கிய இந்த வண்டியின் கார்புரேட்டருக்கு அது தெரியாது. காற்று மெலிந்த அளவுக்கு அது பெட்ரோலைக் குறைக்காது. மிஞ்சிய பெட்ரோல் சரியா எரியாமல் கரியாகிறது.

பிளக்கைத் தேய்த்துச் சுத்தம் பண்ணுங்க. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கான்னு பாருங்க. பிறகு கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே மாட்டினால் ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும்.

ஆனா ஒண்ணு. கீழே இறங்கினதும் கிளிப்பைப் பழைய வெட்டுக்கே மாத்திடணும். இல்லாட்டி சமவெளியில் பெட்ரோல் போதாமல் இஞ்சின் கொதித்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்த மறதிக்கு நான் ஒரு பிஸ்டனை விலையாக் கொடுத்திருக்கேன்.