பழைய டீசல் பிக்கப் வண்டி: முதல் செலவு எதற்கு?

மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் பகுதிகளில் கத்தரி, வெண்டை, கீரை, தர்ப்பூசணி பயிரிடும் உழவர்கள் பலர், விளைபொருளைத் தாமே சந்தைக்குக் கொண்டுசெல்ல விரும்புகின்றனர். கோயம்பேடு சந்தை இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வாடகை வண்டிக்குக் காத்திருந்தால் காய் வாடிவிடும், விலையும் இறங்கிவிடும். எனவே, புது வண்டி வாங்க வசதியில்லாத சிறு உழவர்கள், கைமாறிய டீசல் பிக்கப் ஒன்றைக் கடன் பெற்றேனும் வாங்குகின்றனர்.

வாங்கிய சில நாட்களில் 'வண்டியில் இழுவை போதவில்லை' என்ற குறை எழுகிறது. 'பம்பைச் சற்று ஏற்றி வைத்தால் இழுக்கும்', 'பின்பக்கம் இரண்டு பட்டை கூட்டினால் இன்னும் அரை டன் ஏற்றலாம்' என்று அக்கம்பக்கத்தில் யோசனை கூறுவார்கள். இவற்றில் பணத்தைப் போடுவதற்கு முன் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மண் பரிசோதனை செய்யாமல் உரமிடுவது எப்படியோ, அப்படித்தான் குறையை அறியாமல் வண்டியின் வேகத்தைக் கூட்டுவதும். பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய முதல் மேம்பாடு, அது இழந்துவிட்ட திறனை மீட்பதே ஆகும்.

வண்டியைப் பரிசோதித்தல்

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை மிகுந்த அழுத்தத்தில் நெருக்கும்போது உண்டாகும் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. 1897ஆம் ஆண்டு ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சின் முதல் இன்று வரை அடிப்படை இதுவே. எனவே அழுத்தம் குறைந்த எஞ்சினுக்கு எதைச் செய்தாலும் பயன் இராது.

புகையின் நிறத்தைக் கொண்டு எஞ்சினின் நிலையை ஓரளவு அறியலாம்.

1. கறுப்புப் புகை: டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, அல்லது நாசில் சரியாகத் தெளிக்கவில்லை.

2. நீலப் புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு அல்லது டர்போ தேய்ந்திருக்கலாம்.

3. வெள்ளைப் புகை: அதிகாலையில் சிறிது நேரம் வருவது இயல்பு. எஞ்சின் சூடான பின்னும் தொடர்ந்தால், டீசல் முழுதும் எரியவில்லை. அல்லது தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். குபுகுபுவெனப் புகை தள்ளினால் ரிங் தேய்ந்திருப்பதற்கு அது அறிகுறி. அத்தகைய எஞ்சினுக்குப் பழுது பார்ப்பதே வழி, பம்பை ஏற்றுவதன்று.

கடலோரத்தில் வாங்கும் வண்டியில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அது முன்பு மீன் ஏற்றிய வண்டியா என விசாரியுங்கள். ஐஸ் கரைந்த உப்பு நீர் சேசிஸில் வழிந்து, இரும்பை அரித்திருக்கும். மேலே பெயிண்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வண்டியை உயர்த்தி நிறுத்தி, அடியில் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். குறிப்பாகப் பிரேக் ஆயில் செல்லும் இரும்புக் குழாய்களைப் பாருங்கள். அரித்த குழாய் சாதாரண ஓட்டத்தில் தாங்கும். பாரத்தோடு அவசரமாக மிதிக்கும்போது வெடித்துவிடும்.

முதல் செலவு: நிற்கும் திறன்

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இழுவையைக் கூட்டிவிட்டுப் பிரேக்கை அப்படியே விடுவது ஆபத்து. ஆகவே முதல் பணம் பிரேக், டயர், ஸ்டியரிங் ஆகிய மூன்றுக்கே.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, மிதி வெறுமையாக இறங்கும். எனவே பழைய வண்டி வாங்கியதும் பிரேக் ஆயிலை முழுதும் மாற்றிவிட்டு, பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் மிகுந்திருந்தாலும், வெயிலில் நின்று வெடிப்பு விட்ட டயரை நம்ப வேண்டாம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும். முன் சக்கரங்களுக்கு ரீட்ரெட் டயர் போடாதிருத்தல் நலம்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திய பின், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுசென்று பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'இழுவை இல்லை' என்ற குறைக்கு இதுவே காரணமாக இருப்பதும் உண்டு.

இரண்டாம் செலவு: காற்று, டீசல், தண்ணீர்

ஒரு லிட்டர் டீசல் முழுதும் எரிய ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று வேண்டும். 2005ஆம் ஆண்டு அறிமுகமாகி, நம் மக்களால் 'குட்டி யானை' என்றழைக்கப்படும் டாடா ஏஸ் வண்டியின் 702 சி.சி. எஞ்சின்கூட, நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஏறத்தாழ 1,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. களத்துமேட்டுத் தூசியும் கடற்கரை மணலும் அடைத்த ஏர் பில்டரோடு அது எப்படி இழுக்கும்? புதிய பில்டர் போடுவதே, பல வண்டிகளில் மிகக் குறைந்த செலவில் இழுவையை மீட்கும் வேலையாகும். டர்போ உள்ள வண்டியில் காற்று செல்லும் ரப்பர் குழாய்களில் கீறல் உண்டா என்றும் பாருங்கள்.

டீசல் பில்டரையும் மாற்றுங்கள். அதன் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். தண்ணீர் பம்பையும் நாசிலையும் துருப்பிடிக்கச் செய்யும். அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு பில்டர் விலையைப் போலப் பல மடங்கு.

கடலோரக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் உப்பு நீர் ஊறும் இடங்கள் பல. அந்நீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும், எஞ்சின் சூடேறும். தயாரிப்பாளர் கூறும் கூலன்ட்டையே பயன்படுத்துங்கள். எஞ்சின் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. இது தவறு. எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாமல் டீசல் அதிகம் செலவாகும், தேய்மானமும் கூடும்.

மூன்றாம் செலவு: நாசில், கிளட்ச், வால்வு இடைவெளி

மேற்கூறியவற்றைச் செய்தும் இழுவை குறைந்திருந்தால், நாசில்களைச் சோதனைக் கருவி உள்ள பட்டறையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் சத்தம் உயர்ந்தும் வண்டி வேகம் பிடிக்காவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. வால்வு இடைவெளியையும் அளவுப்படி வைக்கச் செய்யுங்கள்.

பம்பை ஏற்றலாமா?

பழைய வகைப் பம்பில் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டினால் இழுவை சிறிது கூடுவது உண்மையே. ஆனால் அதற்கேற்பக் காற்று கூடுவதில்லை. எரியாத டீசல் கறும்புகையாக வெளியேறும்; வெப்பம் மிகுந்து பிஸ்டனும் டர்போவும் கெடும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரெயில் எஞ்சின்களில் 'சிப்' மாற்றுவதும் இத்தகையதே. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் புகைக்குழாய் வடிகட்டியை அகற்றுவது கூடவே கூடாது.

பட்டை கூட்டினால் வண்டி தாழாமல் நிற்கும். ஆனால் அச்சு, பிரேக், டயர் ஆகியவற்றின் தாங்குதிறன் கூடிவிடாது. பதிவுச் சான்றில் காலி எடை, மொத்த எடை என இரண்டு எண்கள் இருக்கும். காலி எடை 1,600 கிலோ, மொத்த எடை 2,800 கிலோ என்றால் ஏற்றக்கூடியது 1,200 கிலோ. அதில் ஓட்டுநரும் உடன் வருவோரும் அடக்கம். இதற்கு மேல் ஏற்றினால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதும் அச்சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு மாறானது. விபத்து நேரின் இழப்பீடு பெறுவதிலும் சிக்கல் எழலாம். ஒரு தடவை அதிகம் ஏற்றிப் பெறும் வாடகை மிச்சம் இத்தனைக்கும் ஈடாகாது.

குறிப்பேடு தேவை

புதிய விதையை ஒரு பாத்தியில் மட்டும் போட்டு, மற்றப் பாத்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. வண்டிக்கும் அம்முறையைக் கையாளுங்கள். டேங்கை முழுதும் நிரப்பி, மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு சென்று திரும்புவது போன்ற ஒரே பாதையில், ஏறத்தாழ ஒரே பாரத்தோடு சில நடை ஓட்டுங்கள். மீண்டும் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்துக் குறித்து வையுங்கள். பின்னர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அளந்து பாருங்கள். எந்தச் செலவு பலன் தந்தது, எது வீண் என்பதை உங்கள் குறிப்பேடே கூறிவிடும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாமல், மேற்கூறிய முதலிரண்டு செலவுகளுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கிய பின்னரே விலை பேசுங்கள். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நள்ளிரவில் தர்ப்பூசணிப் பாரத்தோடு நெடுஞ்சாலையில் இறங்கும் வண்டியில் உங்கள் விளைச்சல் மட்டுமன்றி, ஓட்டிச் செல்லும் உங்கள் மகனோ தம்பியோ இருக்கிறார். ஆகவே முதலில் நிற்கும் வண்டியாகவும், பின்னர் இழுக்கும் வண்டியாகவும் அதைச் சீர்செய்து பயனடையுமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.