எனிக்மாவைக் காட்டிக்கொடுத்த வசதி

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகள் நம்பியிருந்த எனிக்மா, பார்வைக்கு மரப்பெட்டியில் அடைத்த தட்டச்சுப்பொறி போல இருக்கும். விசையை அழுத்தினால் மின்சாரம் முன்புறச் செருகுபலகை வழியாக மூன்று சக்கரங்களுக்குள் போகும். சக்கரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 26 தொடுமுனைகள். உள்ளே கம்பிகள் தாறுமாறாகப் பின்னியிருக்கும். கடைசியில் உள்ள பிரதிபலிப்பான் மின்சாரத்தை வேறொரு கம்பியில் திருப்பிவிட, அது மீண்டும் சக்கரங்களைக் கடந்து வந்து ஓர் எழுத்தின் விளக்கை எரிய வைக்கும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் வலப்புறச் சக்கரம் ஒரு படி நகர்வதால், அடுத்த எழுத்துக்குப் பாதையே மாறிவிடும். ஐந்து சக்கரங்களில் மூன்றைத் தேர்ந்து அடுக்க 60 வழிகள், அவற்றின் தொடக்கநிலைகள் 17,576, செருகுபலகையைப் பத்துக் கம்பிகளால் இணைக்க 150 லட்சம் கோடிக்கும் அதிகமான வழிகள். ஜெர்மானியரின் நம்பிக்கை இந்தப் பெருக்கல் தொகையில்தான் இருந்தது.

அந்த நம்பிக்கை தவறு. பிரதிபலிப்பான் இருந்ததால் ஒரே அமைப்பில் செய்தியை மறைக்கவும் படிக்கவும் முடிந்தது. போர்முனையில் அது பெரிய வசதி என்பதை மறுக்க முடியாது. ஆனால் போன கம்பியிலேயே மின்சாரம் திரும்பாது என்பதால், எந்த எழுத்தும் ஒருபோதும் அதே எழுத்தாக வெளிவராது. செய்தியில் இருக்கும் என்று ஊகிக்கக்கூடிய ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: வானிலை முன்னறிவிப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லில் 16 எழுத்துகள். அதை மறைசெய்தியின் கீழே நகர்த்தி வைத்துப் பார்த்து, ஓர் எழுத்தாவது நேருக்கு நேர் பொருந்தினால் அந்த இடத்தை அடித்துவிடலாம். சராசரியாகப் பாதிக்குச் சற்றுக் குறைவான இடங்கள் இப்படியே கழிந்துவிடும். மிஞ்சியவற்றை, பிரிட்டனின் குறியீடு உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் கணிதவியலாளர்கள் டூரிங்கும் வெல்ச்மனும் வடிவமைத்த 'பாம்ப்' இயந்திரங்கள் சோதித்தன.

பழி இயந்திரத்துக்கு அல்ல, ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியவர்களுக்குத்தான் என்பார்கள். அதில் பாதி உண்மை. 1932-இல் போலந்துக் கணிதவியலாளர் ரெயெவ்ஸ்கி எனிக்மாவை முதலில் உடைத்ததும், திறவுச்சொல்லை இருமுறை அனுப்பும் நடைமுறையைப் பிடித்துக்கொண்டுதான். ஆனால் களைத்துப்போன மனிதர்கள் எந்தப் படையிலும் பழகிய சொற்களையே அனுப்புவார்கள். அதைத் தாங்குவதுதான் மறையீட்டுக் கருவியின் வேலை. பிரதிபலிப்பான் இல்லாத அமெரிக்க மறையீட்டுக் கருவியான சிகாபா போர் முழுவதும் உடைபட்டதாகத் தெரியவில்லை. ஜெர்மானியக் கடற்படையோ 1942 பிப்ரவரியில் நான்காவது சக்கரத்தைச் சேர்த்தது; பிரதிபலிப்பானைக் கைவிடவில்லை. ஏறத்தாழ பத்து மாதம் பிரிட்டன் திணறியது உண்மை. யு-559 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து வானிலைக் குறியீட்டு ஏடு கைக்கு வந்ததும், அந்த டிசம்பரிலேயே செய்திகள் மீண்டும் படிக்கப்பட்டன.