வெளுத்த முகம் வேண்டாம்: ஆடைப் புகைப்படக் கலைக்கு முதல் பாடம்

தீபாவளிக்கு முந்திய வாரம் புக்கிட் ரோத்தானுக்கு அருகே தோட்டத்தில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். படிவம் 4 படிக்கும் தங்கை, அரக்கு நிறப் பாவாடை தாவணியில் நின்றாள். ஆடைப் புகைப்படக் கலையில் எனக்குப் புதிய ஆர்வம். கையில் இருந்ததோ கைப்பேசி மட்டும். இருபது படங்கள் எடுத்தேன். அவற்றைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

“இது நானா, அக்கா? ஏன் என்னை இவ்வளவு வெள்ளையா ஆக்கிட்டீங்க?”

அழகூட்டும் வசதியை அணைக்க மறந்திருந்தேன். அது அவளுடைய நிறத்தை வெளுத்திருந்தது. அரக்குப் பட்டும் இளஞ்சிவப்பாகிவிட்டது. சரிகை வேலைப்பாடு தெரியவே இல்லை. உடுத்தியவரையும் உடையையும் உள்ளபடி காட்டாத படம் ஆடைப் படமாகுமா?

இது இன்றைய சிக்கல் மட்டுமன்று. வண்ணச்சுருள் காலத்தில், படம் கழுவும் கடைகள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. ‘ஷெர்லி அட்டை’ எனப்பட்ட அதில் பல்லாண்டுகளாக இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவருடைய தோல் சரியாகத் தெரிந்தால் போதும் என்பதே அளவுகோல். 2021இல்தான் கூகுள், பிக்சல் 6 கைப்பேசியில் எல்லாத் தோல் நிறங்களையும் சரியாகக் காட்ட ‘ரியல் டோன்’ என்ற வசதியைச் சேர்த்தது.

இந்த மனப்போக்குக்குக் கேமராவாலேயே பதில் சொன்னவர்களும் உண்டு. 2017இல் சென்னையில் நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர் இருவரும் ‘டார்க் இஸ் டிவைன்’ என்ற படத்தொடரை உருவாக்கினார்கள். கரிய நிறம் கொண்டவர்களை லட்சுமி போன்ற தெய்வங்களாக அலங்கரித்துப் படமெடுத்தார்கள். அவர்கள் தோலை வெளுக்கவில்லை; அதற்கேற்ற ஒளியை அமைத்தார்கள்.

நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். விலை உயர்ந்த கேமரா பிறகு வரட்டும்.

முதலில், அழகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்ச அளவை நீங்களே கூட்டிக் குறையுங்கள். பின்னால் வெள்ளை வானம் இருந்தால், கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தைக் கறுக்கச் செய்யும், முகம் இருண்டுவிடும். சுவரோ மரங்களோ பின்னணியாக இருப்பது நல்லது.

அடுத்தது நேரம். நம் ஊரில் காலை ஏழரை முதல் எட்டரை வரையும் மாலை ஆறு முதல் ஏழு வரையும் வெயில் சாய்வாக விழும். பக்கவாட்டு ஒளியில்தான் துணியின் மடிப்பும் நெசவும் தெரியும். ஃபிளாஷ் நேராக அடித்தால் சரிகை கண்ணைக் கூசும். முகத்தின் மறுபக்கம் இருண்டால், வெள்ளை வேட்டியை ஒருவர் விரித்துப் பிடித்தால் போதும்.

மூன்றாவது இடம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. வரிசையாக நிற்கும் செம்பனை அழகான பின்னணி. ஆனால், மரத்தடியில் நிற்க வைத்தால் முகத்தில் பச்சை சாயலும் திட்டுத்திட்டான வெயிலும் விழும். நிழல் முடியும் ஓரத்தில், செம்மண் பாதையில் நிற்கச் சொல்லுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

நான்காவது அசைவு. 1933இல் மார்ட்டின் முன்காச்சி என்ற ஹங்கேரியர், அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக ஒரு மாடலைக் கடற்கரையில் ஓடவிட்டுப் படமெடுத்தார். அதற்கு முன் விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்துப் பழகியவர் அவர். பெரும்பாலும் அரங்குக்குள் அசையாமல் நின்ற ஆடைப் படங்களுக்கு அந்த ஓட்டம் உயிர் தந்தது. நமக்கு ஜெரம் பந்தாய் ரெமிஸ் கடற்கரை இருக்கிறது. தாவணி காற்றில் பறக்கட்டும். தோழி நடக்கட்டும், சிரிக்கட்டும்.

கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். மூக்கு பெரிதாகத் தெரியும். சில அடி பின்னால் நின்று, இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் எடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சம்மதம். எடுத்த படத்தை அவரிடம் காட்டிக் கேட்காமல் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். என் தங்கையின் கேள்வி எனக்குக் கற்றுத் தந்த பாடம் இது.

அடுத்த ஞாயிறு காலை மீண்டும் போனேன். வீட்டு வாசலில் அதே அரக்குத் தாவணி. சின்னம்மா வேட்டியைப் பிடித்துக்கொண்டார். இம்முறை ஏழு படங்கள்தான். தங்கை ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். நான்காவது படத்தில் விரல் நின்றது.

“இதைப் பாட்டிக்கு அனுப்புங்க, அக்கா” என்றாள்.

இந்தப் பள்ளி விடுமுறையில் நீங்களும் பத்துப் படங்கள் எடுத்துப் பாருங்கள். எது நல்ல படம் என்பதை, அதில் இருப்பவரிடமே முதலில் கேளுங்கள்.